ஒவ்வொரு மாத்திரையும் சரிதான். கூட்டிப் பார்ப்பது யார்?

ஜொகூர் பாரு – தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை 2025 மே 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதை எதிர்த்து அதே மாதம் 6-ஆம் தேதி மருத்துவர்கள் புத்ராஜெயாவில் பேரணி நடத்தினார்கள். சில வாரங்களுக்கு நாடே மருந்து விலையைப் பற்றிப் பேசியது. எந்த மாத்திரை எத்தனை வெள்ளி, எந்தக் கிளினிக்கில் குறைவு என்று வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் பறந்தன.

விலையைத் தெரிந்துகொள்வது பயனீட்டாளரின் உரிமை, அதில் மறுப்பில்லை. ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட இன்னொரு கேள்வி அந்தச் சத்தத்தில் எழவே இல்லை. ஒரே மனிதர் மூன்று இடங்களில் வாங்கும் மருந்துகளை ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்ப்பது யார்? குறிப்பாக, தூக்கம் தரும் மருந்துகளை?

நம் வீடுகளில் மருந்துப் பை ஒன்று இருக்கும். அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்கும். அல்லது பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் மூன்று மாதத்துக்குக் கொடுத்த நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள், போன வாரம் தாமானில் உள்ள கிளினிக்கில் வாங்கிய சளி மருந்து, முதுகு வலிக்கு வேறொரு டாக்டர் எழுதியது, அக்கா வீட்டிலிருந்து வந்த ‘நல்லாத் தூக்கம் வரும்’ மாத்திரை எல்லாம் அதில் கிடக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான மருந்து, சரியான அளவு. ஆபத்து அவற்றின் கூட்டுத்தொகையில் இருக்கிறது.

எவையெல்லாம் தூக்கம் தரும்?

தூக்க மாத்திரை மட்டும்தான் தூக்கம் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியல் அதைவிட நீளம்.

முதலாவது, சளி, அரிப்பு, ஒவ்வாமைக்குத் தரும் பழைய வகை மருந்துகள். கிளினிக்கில் காய்ச்சல் மருந்தோடு சேர்த்துத் தரும் குளோர்பெனிரமைன் என்ற சின்ன மாத்திரை இதில் சேரும். புரோமெத்தசின், டைஃபென்ஹைட்ரமைன் ஆகியவை பல இருமல் மருந்துகளில் கலந்திருக்கும்.

இரண்டாவது, கடுமையான வலிக்குத் தரும் டிராமடோல், கோடீன், டைஹைட்ரோகோடீன், மார்ஃபின் வகை. விபத்து, அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், தீராத முதுகுவலி என்று பல காரணங்களுக்கு இவை தரப்படுகின்றன.

மூன்றாவது, பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் தரும் டையஸிபம், லோரஸிபம், அல்ப்ரஸோலம், ஸோல்பிடெம் போன்றவை.

நான்காவது, நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின். நீரிழிவால் பாதம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இவைதான் கிடைக்கும்.

ஐந்தாவது, தசைப்பிடிப்புக்குத் தரும் ஆர்ஃபெனட்ரின், பக்லோஃபென் போன்றவை. ஆர்ஃபெனட்ரின் பாராசிட்டமோலோடு கலந்த ஒரே மாத்திரையாகவும் வருவதால், ‘வலி மாத்திரைதானே’ என்று எண்ணிவிடுவோம்.

ஆறாவது, மனநலம், வலிப்பு ஆகியவற்றுக்கான பல மருந்துகள்.

இத்தனைக்கும் மேலே மது. பீர் ஆனாலும் சம்சு ஆனாலும் கள்ளு ஆனாலும் மூளையைப் பொறுத்தவரை அதுவும் தூக்கம் தரும் ஒரு மருந்துதான். சீட்டு இல்லாமல் கிடைப்பது மட்டுமே வேறுபாடு.

ஒன்றும் ஒன்றும் இரண்டு அல்ல

இந்த மருந்துகள் வெவ்வேறு வழியாக மூளைக்குள் நுழைந்தாலும் வேலை செய்வது ஒரே திசையில்தான்: மூளையின் விழிப்பைத் தணிக்கின்றன. விழிப்பு குறையும்போது கவனம், கை கால்களின் சமநிலை, ஆபத்தைக் கண்டதும் உடல் துள்ளும் வேகம் எல்லாம் குறைகின்றன. அதற்கும் கீழே போனால் மூச்சு.

நாம் உறங்கும்போதும் மூச்சு நிற்பதில்லை. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு அதை உணர்ந்து ‘மூச்சை இழு’ என்று கட்டளை தருகிறது. மார்ஃபின் வகை வலி மருந்துகள் அந்த உணர்வை மழுங்கச் செய்யும். டையஸிபம் வகை விழிப்பைக் குறைத்து, தொண்டைத் தசைகளைத் தளர்த்தும். தனித்தனியே உடல் தாங்கிக்கொள்ளும். இரண்டும் சேரும் இரவில், மூச்சுக் குறைவதை உடல் உணர்வதில்லை. உணர்ந்தாலும் எழுப்ப முடிவதில்லை.

உலகம் அறிந்த உதாரணம் நடிகர் ஹீத் லெட்ஜர். ‘தி டார்க் நைட்’ படத்தில் ஜோக்கராக வந்தவர். 2008 ஜனவரி 22-ஆம் தேதி நியூயார்க்கில் தம் வீட்டில் இறந்து கிடந்தார், வயது 28. அவர் உடலில் ஆறு மருந்துகள் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. இரண்டு மார்ஃபின் வகை வலி மருந்துகள், மூன்று டையஸிபம் வகை மருந்துகள், ஒன்று தூக்கத்துக்கான பழைய வகை ஒவ்வாமை மருந்து. மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்து, அந்த ஆறின் கூட்டு விளைவே மரணத்துக்குக் காரணம் என்று அந்நகர மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் அறிவித்தது. தெருவில் விற்கும் போதைப்பொருள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டு 31-ஆம் தேதி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மார்ஃபின் வகை மருந்துகளுக்கும் டையஸிபம் வகை மருந்துகளுக்கும் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. அந்நாட்டில் மருந்துக்கு இடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை அதுதான். இவ்விரண்டு வகையும் சேர்ந்து காரணமான மரணங்கள் 2004-க்கும் 2011-க்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தன. 2019 டிசம்பரில் கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவற்றுக்கும் மூச்சுத் தொடர்பான எச்சரிக்கை வந்தது. முதியவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், மற்ற தூக்க வகை மருந்துகளைச் சேர்த்து உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றது அது.

நம் சமுதாயத்துக்கு ஏன் கூடுதல் கவலை?

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மேலே சொன்ன நான்காவது வகையை மீண்டும் பாருங்கள்.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம் அது அதிகம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. நீரிழிவு நீண்டகாலம் இருந்தால் பாத நரம்புகள் கெடும். எரிச்சலுக்குக் கபாபென்டின் வரும். அதே நீரிழிவு சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். அதற்கு முதல் காரணம் நீரிழிவு.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. கபாபென்டினும் பிரிகாபலினும் உடலைவிட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் பாதி வேலை செய்தால் மருந்தும் அதற்கேற்ப உடலில் தங்கும். அதனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்கு மருத்துவர் அளவைக் குறைத்துத்தான் தருவார். அந்த மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொரு கிளினிக்கில் முதுகுவலிக்கு டிராமடோலும் சளிக்குக் குளோர்பெனிரமைனும் சேர்ந்தால், கணக்கு வேறாகிவிடும். ‘அப்பா ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே இருக்காரு, வயசாயிடுச்சு’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அது வயதாக இல்லாமல், சேர்ந்துகொண்ட மருந்தாக இருக்கலாம்.

முதியவர்களுக்கு மூச்சுக்கு முன்பே வரும் ஆபத்து, விழுவது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, ஈரமான குளியலறைத் தரையில் கால் இடறி, இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பிறகு பழையபடி நடப்பதே இல்லை. முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளை வரிசைப்படுத்தும் ‘பியர்ஸ் அளவுகோல்’ என்ற அமெரிக்க முதியோர் மருத்துவப் பட்டியல் 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. மூளையில் வேலை செய்யும் மருந்துகள் மூன்றோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் வேண்டாம் என்கிறது அது. விழுவதும் எலும்பு முறிவதும் கூடும் என்பதே காரணம். மூன்று என்பது நம் மருந்துப் பைகளில் சர்வ சாதாரணமான எண்.

ஜொகூருக்கு இன்னொரு காரணமும் உண்டு: பாலம். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே மோட்டாரில் சிங்கப்பூருக்குப் புறப்படும் நம் இளைஞர்கள் எத்தனை பேர்! இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்க முடியாமல் மாத்திரை தேடுபவர்கள் எத்தனை பேர்! 2019-இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

இரவு போட்ட மாத்திரை காலையில் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. 2013 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் ஸோல்பிடெம் தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. இரவு உண்டவர்களின் இரத்தத்தில் மறுநாள் காலையிலும் வாகனம் ஓட்ட முடியாத அளவுக்கு மருந்து மிச்சமிருந்தது என்பதே காரணம். டையஸிபம் இன்னும் மெதுவானது. முதியவர்களின் உடலில் நாள்கணக்கில் தங்கும். குளோர்பெனிரமைன் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகலாம். ‘ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டுத்தானே போட்டேன்’ என்ற சமாதானம் இந்த மருந்துகளிடம் செல்லாது.

தோட்டத்திலும் இதே கதைதான். நீண்ட கம்பின் முனையில் அரிவாளைக் கட்டிச் செம்பனைக் குலையை வெட்டுபவருக்கும், மேட்டில் டிராக்டர் ஓட்டுபவருக்கும், ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் அரை நொடித் தாமதம் போதும்.

ஒரு நோயாளி, ஐந்து கவுண்டர்கள்

ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஒருவர் இருந்தார். அவரிடம் எல்லா நோய்க்கும் மருந்து இருந்தது என்று சொல்ல முடியாது, குறைகள் ஏராளம். ஆனால் யாருக்கு என்ன மருந்து போகிறது என்பது ஒரே கையில் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் வந்த பிறகு மருத்துவ வசதி பெருகியது. அந்த ஒரு பார்வை போய்விட்டது.

இன்று குளுவாங்கிலோ கூலாயிலோ வசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுக்கு அரசாங்கக் கிளினிக். இருதயத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி. அவசரக் காய்ச்சலுக்கு வேலையிட பேனல் கிளினிக். இருமலுக்கு மருந்தகம். சிங்கப்பூரில் வேலை என்றால் அங்கே கம்பெனி டாக்டர். இந்த ஐந்து இடங்களின் பதிவுகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

நம் நாட்டில் தனியார் கிளினிக் மருத்துவர் நோயைப் பார்த்து, மருந்தை எழுதி, அவரே கொடுத்தும் விடலாம். 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம் அதை அனுமதிக்கிறது. எழுதுவது மருத்துவர், கொடுப்பது மருந்தாளுநர் என்று பிரிக்க வேண்டும் என மருந்தாளுநர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள், மருத்துவர்கள் மறுக்கிறார்கள். இரு தரப்புக்கும் வருமானக் கணக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் மருந்து கிடைப்பது நோயாளிக்கு வசதி, குறிப்பாக மருந்தகம் இல்லாத சிற்றூர்களில். ஆனால் இரண்டாவது ஜோடிக் கண்கள் இல்லாமல் போவதும் உண்மை.

தென் கொரியா 2000-ஆம் ஆண்டில் எழுதுவதையும் கொடுப்பதையும் பிரித்தது. அதோடு நிற்கவில்லை. 2010 டிசம்பரிலிருந்து நாடு முழுவதும் ஒரு கணினி முறையை விரிவாக்கியது. மருத்துவர் மருந்து எழுதும் அந்த நொடியில், நோயாளி வேறு ஆஸ்பத்திரியில் ஏற்கனவே வாங்கியிருக்கும் மருந்தோடு அது மோதுகிறதா என்று கணினி சரிபார்த்து எச்சரிக்கும். பிரிப்பதா வேண்டாமா என்ற சண்டை நம் நாட்டில் தீர எத்தனை காலம் ஆனாலும் ஆகட்டும்; இப்படி ஒரு பொதுப் பதிவு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கணினிக்கும் தெரியாத மருந்து ஒன்று உண்டு. மூட்டுவலிக்குச் சந்தையிலும் இணையத்திலும் வாங்கும் ஜாமு, ‘மூலிகை’ மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன், குளோர்பெனிரமைன் போன்ற ஆங்கில மருந்துகள் கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் அது ‘டி’ என்ற எழுத்தில் முடியும். எண்ணே இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

‘மயக்கம்’ என்றால் என்ன?

மருந்து உறைகளில் ‘மெங்கந்தோக்’ என்று மலாயில் அச்சிட்டிருப்பார்கள்: தூக்கம் வரும், வாகனம் ஓட்டாதே, இயந்திரம் இயக்காதே, மது வேண்டாம் என்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்தி மரம் வெட்டப் போன நம் பாட்டிமார்களில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்?

படிக்கத் தெரிந்தாலும் சொல்லத் தெரிய வேண்டும். தமிழில் ‘மயக்கமா இருக்கு’ என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று வேறு நிலைகளைச் சொல்லிவிடுகிறோம். கண் சொக்குவது ஒன்று. அது தூக்கக் கலக்கம். தலை சுற்றுவது ஒன்று, மலாயில் ‘பெனிங்’. நினைவு தப்பி விழுவது ஒன்று, ‘பெங்சான்’. மருத்துவருக்கு இவை மூன்றும் மூன்று வேறு காரணங்கள். முதலாவது மருந்துக் கூட்டாக இருக்கலாம். இரண்டாவது இரத்த அழுத்தமாகவோ காதுக் கோளாறாகவோ இருக்கலாம். மூன்றாவது இருதயமாகவோ சர்க்கரை இறங்கியதாகவோ இருக்கலாம். பாட்டி ‘மயக்கம்’ என்கிறார். உடன் போன பேரன் ‘பெனிங்’ என்று மொழிபெயர்க்கிறான். டாக்டர் தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை எழுதுகிறார். அந்த மாத்திரையும் தூக்கம் தரும் வகையாக இருந்தால், பையில் ஒன்று கூடிவிடுகிறது.

ஆகவே உடன் போகும் பிள்ளைகள் வீட்டிலேயே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: “பாட்டி, கண்ணு சொக்குதா, தலை சுத்துதா, இல்ல விழுந்துடற மாதிரி வருதா?” அந்தப் பதிலை அப்படியே சொல்லுங்கள்.

சொல்லாமல் விடும் மருந்துகள்

“வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களா ஆன்ட்டி?” என்று டாக்டர் கேட்டால், “இல்ல டாக்டர், சுகர் மருந்துதான்” என்ற பதில்தான் வரும். இரவு மாத்திரையை மருந்தாக எண்ணுவதில்லை. பக்கத்து வீட்டில் வாங்கியதைச் சொல்லக் கூச்சம். மனநல மருந்தென்றால் கூச்சம் அச்சமாகிறது. தம்போயில் 1937 முதல் இயங்கும் பெர்மாய் மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலே குரலைத் தாழ்த்தும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. அங்கே சிகிச்சை பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மருந்தை மறைத்துவிட்டுப் பல்வலிக்கும் முதுகுவலிக்கும் வேறிடத்தில் மருந்து வாங்கினால், மறைத்தது மானத்தைக் காக்கும், உயிரைக் காக்காது.

குடியும் அப்படித்தான். ‘குடிப்பீங்களா அண்ணே?’ என்று மனைவி முன்னால் கேட்டால் எந்த அண்ணனும் உண்மை சொல்லமாட்டார். தனியாகக் கேட்க வேண்டியது மருத்துவப் பணியாளரின் பொறுப்பு. கேட்டால் மறைக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

‘எனக்குப் பழகிப்போச்சு’ என்பவர்களுக்கும் ஒரு சொல். தூக்கம் வருவது பழகிப்போனாலும் மூச்சு அதே அளவுக்குப் பழகிவிடும் என்று நம்ப முடியாது. சில வாரங்கள் நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்குவது இன்னும் மோசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மதுவோடு நிற்பதில்லை. போதை தரும் மருந்து வகைகளின் தாக்கத்தில் வாகனத்தைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுவதையும் குற்றம் என்கிறது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அப்படி ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். சீட்டோடு வாங்கிய மருந்துதான் என்று சொல்வது, சாலையில் விழுந்து கிடப்பவருக்கு எந்த ஆறுதலும் தராது.

பாலம் கடப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சில தூக்க, பதற்ற மருந்துகளைச் சொந்தப் பயன்பாட்டுக்குச் சிங்கப்பூருக்குள் கொண்டு போகவும் அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மோட்டார்ப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகுமுன் சரிபாருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். டையஸிபம் வகையைப் பல மாதம் உண்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். வலிப்பு மருந்தும் மனநல மருந்தும் அப்படியே. நிறுத்துவதா குறைப்பதா என்பதை எழுதிய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மருந்துப் பையை அப்படியே, ஒன்றையும் எடுத்து வைக்காமல், அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். பாரம்பரிய மருந்து, சத்து மாத்திரை, இருமல் போத்தல் எல்லாம் அதில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் ஒவ்வோர் உறையையும் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

கிளினிக்கில் தரும் உறையில் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘வலி மாத்திரை’, ‘சளி மாத்திரை’ என்று மட்டும் இருந்தால் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டைக் கேட்டுப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

புதிய மருந்து ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: இது தூக்கம் தருமா? நான் ஏற்கனவே உண்பதோடு இது சேருமா? நாளைக் காலை நான் வண்டி ஓட்டலாமா? சளி, அரிப்புக்கு லொரடடின் போலத் தூக்கம் குறைவாகத் தரும் மாற்று மருந்து உண்டு. வண்டி ஓட்டுபவர் என்று சொன்னால்தான் அது கிடைக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகள் தாமே தூக்கம் தராவிட்டாலும், சில தூக்க மருந்துகளை உடல் கரைக்கவிடாமல் தடுக்கும். ஆகவே கிருமிக்கொல்லி எழுதும்போதும் இரவு மாத்திரையைச் சொல்லிவிடுங்கள்.

ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அன்பினால் கொடுப்பதாக இருந்தாலும் கூடாது.

தட்டி எழுப்பியும் எழாமல் இருப்பது, வழக்கமில்லாத கரகரப்பான குறட்டை, மூச்சுக்கும் மூச்சுக்கும் நீண்ட இடைவெளி, உதடு நீலம் பாய்வது ஆகியவை ‘நல்ல தூக்கம்’ அல்ல. உடனே 999-ஐ அழையுங்கள். ஆளைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். காப்பி புகட்டாதீர்கள்; வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்து உறைகளையும் ஆம்புலன்சிலேயே அனுப்புங்கள். மருந்து நச்சு பற்றிய ஆலோசனைக்குப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. மருந்து பற்றிய பொதுக் கேள்விகளுக்குச் சுகாதார அமைச்சின் மருந்தக அழைப்பு மைய எண் 1-800-88-6722.

யார் கூட்டுவது?

திருக்குறளின் 95-ஆவது அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தில் நான்கு பங்காளிகளைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவர். நான்காமவரை வள்ளுவர் விடவில்லை. இன்றைய ஐந்து கவுண்டர்களுக்கு நடுவே நாம் மறந்துபோனது அந்த நான்காமவரைத்தான்.

சுகாதார அமைச்சிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒருவரின் மருந்துகள் ஓரிடத்தில் தெரியும் பதிவு ஒன்று. ‘தூக்கம் வரும், ஓட்டாதே’ என்ற எச்சரிக்கை, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் புரியும் படமாகவோ தமிழ் எழுத்தாகவோ உறையில் ஒன்று. இவை பெரிய செலவில்லாத கோரிக்கைகள் என்று சொல்லமாட்டேன். முதலாவதற்குப் பணமும் காலமும் ஆகும். இரண்டாவதற்கு மனம் இருந்தால் போதும்.

நம்மிடமே கேட்க வேண்டியது ஒன்று. நம் ஆலயங்களும் தோட்ட மன்றங்களும் ஆண்டுதோறும் இரத்ததான முகாமும் கண் பரிசோதனையும் நடத்துகின்றன. அடுத்த முகாமில் ஒரு மேசை கூடுதலாகப் போடுங்கள். தமிழ் தெரிந்த ஒரு மருந்தாளுநர் அங்கே உட்காரட்டும். வீட்டு மருந்துப் பையைக் கொண்டு வரச் சொல்லுங்கள். அதில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதையெல்லாம் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதித் தரட்டும். கணினி வரும்வரை அந்தக் கூட்டலை அந்த மேசையில் செய்யலாம்.